வாசகர் கேள்வி – பதில்: பழங்கண்ணாடியும் அணுக்கழிவும்

கேள்வி (ஓர் ஆசிரியை, ஹட்டன்): என் மகள் பட்டப் பின்படிப்புக்காகப் பார்த்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் ஆய்வு அறிமுகத்தில், ஜனநாயகமயமாக்கல், பண்டைய தொல்லியல், கதிரியக்கக் கழிவகற்றல் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இடம்பெற்றிருந்தன. தொல்லியலாளருக்கும் அணுக்கழிவுக்கும் என்ன சம்பந்தம், ஐயா?

பதில்: நெருங்கிய சம்பந்தம் உண்டு, அம்மா. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்திலுள்ள ஹன்ஃபோர்டில், இரண்டாம் உலகப் போர்க்காலம் முதல் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்கப்பட்டது; நாகசாகியில் வீசப்பட்ட குண்டுக்கும் அங்கிருந்தே அது சென்றது. அந்த உற்பத்தியின் எச்சமாக ஏறத்தாழ 21 கோடி லீற்றர் கழிவு 177 நிலத்தடித் தாங்கிகளில் தேங்கியது. அவற்றுட் சில கசிந்தும் விட்டன. இக்கழிவைக் கண்ணாடி ஆக்கும் மூலப்பொருட்களுடன் கலந்து, சுமார் 1,150 பாகை செல்சியஸில் உருக்கி, துருப்பிடிக்காத உருக்குக் கலன்களில் வார்த்து இறுகவிடுவதே அங்கு தெரிவுசெய்யப்பட்ட முக்கிய வழியாகும். கண்ணாடி கதிரியக்கத்தைக் குறைப்பதில்லை. கதிரியக்க அணுக்களைத் தன்னுள் பிணைத்து, அவை நிலத்தடி நீரில் கலப்பதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைவதற்கே சுமார் 24,100 ஆண்டுகள் செல்லும். ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடித் துண்டை நீரிலிட்டுச் சில பத்தாண்டுகள் அவதானிக்கலாம். அதற்கு அப்பாலுள்ள காலத்துக்குக் கணினிக் கணிப்பைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கணிப்பைச் சரிபார்க்கவே, முன்னோர் செய்து மண்ணிலும் கடலிலும் விட்டுச்சென்ற பொருட்களை ஆய்வாளர் நாடுகின்றனர். சுவீடனில் உப்சாலாவுக்கு அருகிலுள்ள புரோபோர்க் குன்றில், சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் கோட்டை கட்டியவர்கள் கருநிறப் பாறையை உருக்கி, அதனால் மதிற்கற்களை ஒட்டவைத்திருந்தனர். ஹன்ஃபோர்ட் கண்ணாடியை ஆராயும் விஞ்ஞானிகள் அம்மதிலின் துண்டுகளைப் பெற்று, மழையும் மண்ணும் நுண்ணுயிர்களும் அவற்றின் மேற்பரப்பை எவ்வளவு அரித்துள்ளன என்று அளந்து வருகின்றனர். பிரான்சின் எம்பியே தீவருகே மூழ்கிய உரோமக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட கண்ணாடிக் கட்டிகளோ ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் கடலுக்கு அடியில் கிடந்தவை. அக்கட்டிகளில் விரிசல்கள் நிறைந்திருந்தும், உட்புறத்து மெல்லிய விரிசல்களில் அரிப்பு வெளிப்பரப்பைவிட மிகக் குறைவாகவே காணப்பட்டது. வார்த்து ஆறும்போது அணுக்கழிவுக் கண்ணாடியிலும் விரிசல் விழும் என்பதால், இது பெறுமதி மிக்க தகவல்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தது. இன்ச்துதில் என்ற இடத்திலிருந்த உரோமப் படைமுகாமைக் கி.பி. 87 அளவில் கைவிட்டுப் புறப்பட்டவர்கள், இரும்பு உள்ளூர் மக்களின் கைக்குப் போய்விடக் கூடாதென எட்டு இலட்சத்துக்கும் அதிகமான ஆணிகளைக் குழியிலிட்டு மூடிச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டில் அதனை அகழ்ந்தபோது, வெளியிலிருந்த ஆணிகள் துருவேறி ஒரே ஓடாக ஒட்டிக்கிடக்க, உள்ளே இருந்தவை பெரும்பாலும் பழுதின்றிக் காணப்பட்டன. வெளி இரும்பு உட்புகுந்த ஒட்சிசனைத் தானே செலவழித்து, உள்ளிருந்ததைக் காத்திருக்கிறது. தடித்த உலோகக் கலன்களை மண்ணுக்கு அடியில் வைக்க நினைப்போருக்கு இது நல்ல பாடமே. ஆயினும் தப்பிப் பிழைத்தவைதாம் நம் கைக்கு வருகின்றன, அழிந்துபோனவை சாட்சி சொல்ல வருவதில்லை என்பதை மறந்து இத்தகைய சான்றுகளை எடுத்தாளும் கட்டுரைகளைத் தங்கள் மகள் ஐயத்துடன் வாசிப்பது நன்று.

கேள்வி (ஓர் உயர்தர மாணவர், பண்டாரவளை): கழிவை எங்கே புதைப்பதென்று நிபுணர்கள் தீர்மானித்தால் போதாதா? ஊராரின் வாக்கு எதற்கு?

பதில்: போதாது என்பதற்கு அமெரிக்காவின் நெவாடாவே சான்று, தம்பி. 1987இல் அந்நாட்டுக் காங்கிரஸ், கழிவைப் புதைக்கும் இடமாக அங்குள்ள யக்கா மலையை மட்டுமே ஆராயும்படி சட்டத்தைத் திருத்தியது. 2002இல் மாநில ஆளுநர் தெரிவித்த மறுப்பையும் அதுவே மீறியது. இன்றுவரை அங்கு கழிவு புதைக்கப்படவில்லை. பின்லாந்தின் சட்டமோ உள்ளூர் நகரசபைக்கு முழுமையான மறுப்புரிமையை வழங்கியது. யூராயொக்கி சபை 2000ஆம் ஆண்டில் சம்மதித்தது, அடுத்த ஆண்டில் பாராளுமன்றமும் ஏற்றது. சுவீடனின் ஓஸ்தம்மார் சபை 2020இல் இணங்கியது. இவ்விரண்டு ஊர்களிலும் அணுமின் நிலையங்கள் ஏற்கெனவே இருந்ததால், வேலைவாய்ப்பும் வரியும் அந்தச் சம்மதத்தில் கலந்திருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜனநாயகமயமாக்கலை ஆராய்வோர் தேர்தல் நடந்ததா என்று கேட்பதோடு நிற்பதில்லை. வாக்காளர் இடாப்பில் யாருடைய பெயர் இல்லை என்றும் பார்ப்பார்கள். மலையகத்தார்க்கு இதை விளக்கத் தேவையில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாட்டில், 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த சட்டங்களும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரைப் பிரசாவுரிமையும் வாக்கும் அற்றவர்களாக்கியபின், 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டபோது, பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அணுக்கழிவைப் பொறுத்தவரை, பாதிக்கப்படக்கூடியவர்களில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவேயில்லை. அவர்களது பெயரை எந்த இடாப்பில் எழுதுவதென்ற கேள்விக்கு அரசியல் விஞ்ஞானத்திடம் திருப்தியான விடை இன்னும் இல்லை என்பதே என் கருத்து.

கேள்வி (ஒரு வாசகர், நாவலப்பிட்டி): அணு உலை இல்லாத இலங்கையில் கதிரியக்கக் கழிவு உண்டா?

பதில்: உண்டு, சிறிய அளவில். வைத்தியசாலைகளும் தொழிற்சாலைகளும் பயன்படுத்தி முடித்த கதிர்வீச்சு மூலங்களே அவை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும்.

கேள்வி (ஒரு வாசகர், பலாங்கொடை): ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பழம்பொருள் நம் மலைநாட்டில் இல்லையா?

பதில்: தங்கள் ஊருக்கு அண்மையிலேயே இருக்கிறது. சமனலவெவ நீர்த்தேக்கத்துக்கு முன்னோடியாக நடந்த கள ஆய்வில், தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்கும் மேற்குச் சரிவுகளில் பண்டைய இரும்புருக்கு உலைகள் பல கண்டறியப்பட்டன. அவற்றுட் பல ஏழாம் நூற்றாண்டுக்கும் பதினோராம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. ஆய்வாளர் கில் ஜூலெஃப் அத்தகைய உலையை மீளக் கட்டி, துருத்தியின்றிக் காற்றினாலேயே இரும்பை உருக்கிக் காட்டி, முடிவை 1996இல் வெளியிட்டார். உருக்கிய இடத்தில் எஞ்சும் கசடில் கண்ணாடித் தன்மையுள்ள பகுதியும் இருக்கும். ஐரோப்பாவில் பழைய இரும்புக் கசடுகள் அணுக்கழிவு ஆய்வுக்காகவும் பரிசோதிக்கப்பட்டுள்ளன. காலமும், புதைந்திருந்த மண்ணின் ஈரமும், கசடின் சேர்மானமும் துல்லியமாகத் தெரிந்தால் மட்டுமே அத்தகைய ஒப்பீடு செல்லும் என்பதால், தோட்டத்தில் கசடு தென்பட்டால் அதைப் பெயர்த்தெடுத்து வராமல், இருந்த இடத்திலேயே விட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.