பீரோவில் இருப்பது படமா, பூஞ்சையா?

கேள்வி: என் வீட்டுக்காரர் இருபது வருடமாகச் சேர்த்த டிவிடி, ப்ளூரே எல்லாம் அறுநூறுக்கு மேல் இருக்கும். பீரோவைத் திறந்தாலே பூஞ்சை வாடை. எல்லாப் படமும்தான் ஓடிடியில் வந்துவிட்டதே, பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடலாம் என்றால் சண்டைக்கு வருகிறார். நீங்களாவது சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்த 'எல்லாப் படமும்' என்பதை வாபஸ் வாங்குங்கள். ஓடிடியில் இருப்பவை, இன்றைய தேதிக்கு அவர்கள் உரிமை வாங்கி வைத்திருக்கும் படங்கள். ஒப்பந்தம் முடிந்தால் படம் கிளம்பிவிடும். நீங்கள் கட்டுவது வாடகை. வீட்டுக்காரர் வைத்திருப்பது பட்டா. ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து டவரும் கரண்ட்டும் போனால், இன்வெர்ட்டரில் டிவியும் பிளேயரும் ஓடும். ஓடிடி?

இதைப் படித்ததும் அவர் மீசையை முறுக்குவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 2007 வாக்கில் 'மோசர் பேர்' கம்பெனி 34 ரூபாய்க்கு டிவிடி விற்றபோது நாம் எல்லோருமே அள்ளினோம். அதில் பாதியை ஒருமுறைகூடச் சுழலவிட்டதில்லை. அவரிடம் கேளுங்கள், கடைசியாக எந்தப் படத்தை, எப்போது போட்டார்? அறுநூறை அடுக்கி வைத்துவிட்டு ராத்திரி போனில் ரீல்ஸ் பார்ப்பவருக்கு இருப்பது சேகரிப்பு இல்லை, கிடங்கு. இன்னொன்று, டிவிடி படம் என்பது மேலிருந்து கீழாக 576 கோடுகள்தான். பெரிய டிவியில் ஓடிடியின் எச்டியே அதைவிடத் துல்லியம். ப்ளூரே வேறு ஜாதி. 25 அல்லது 50 ஜிபி இடம், படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை தகவல் ஓடும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம்.

இனி வாடைக்கு வருவோம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையைக் கொண்டுவந்து வைத்ததற்கு இந்த மலையின் தூசியில்லாத குளிர்ந்த காற்றும் ஒரு காரணம். பிலிம் செய்ய உகந்த மலை, டிஸ்க்கைப் பீரோவில் பூட்டி வைக்க லாயக்கில்லாத மலை! பேப்பர் உறைதான் முதல் எதிரி, ஈரத்தைக் குடித்து டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டுச் செங்குத்தாக நிறுத்துங்கள். தட்டுக்குத் தட்டு சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள்.

டிஸ்க்கில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், மெத்தென்ற துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். தோசை மாவைத் தேய்ப்பதுபோல வட்டமாகத் தேய்த்தால் போச்சு. படம் பதிவாகியிருப்பதே சுற்றிச் சுற்றித்தான். அந்தப் போக்கிலேயே கீறல் விழுந்தால் பிளேயர் திணறும், குறுக்கே விழுந்த சின்னக் கீறலை எப்படியோ தாண்டிவிடும். பிறகு பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல வெளிச்சம் கசிந்தால் அது உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு போன அடையாளம், கழுவிப் பயனில்லை.

வீட்டில் 'ரைட்' செய்த டிஸ்க்குகளை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் இருப்பது சாயம், சீக்கிரம் வெளுக்கும். ஓடுவதை இப்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். பர்மா பஜார் சரக்கு இருந்தால் பேச்சே வேண்டாம், அது பேப்பர்க்காரருக்கு.

வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் பீரோவைக் காலி செய்து முற்றத்துக்கு இழுத்துப் போடுங்கள். வெயிலில் காய வேண்டியது பீரோ மட்டும். டிஸ்க்குகள் நிழலில்.