சேம்பின் அரிப்பும் சிறுநீரகக் கல்லும் ஒன்றா?

கோத்தகிரிப் பக்கம் ஓடையோரச் சேம்பை நறுக்கினால் கை அரிக்கிறதே, அதுதான் சிறுநீரகத்தில் கல்லாகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருள் ஒன்றுதான்: கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்த கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை அதுவே. ஆனால் சேம்பின் படிகம் அப்படியே சிறுநீரகம் போய்ச் சேர்வதில்லை. காம்பை ஒடித்துச் சாற்றை நுண்ணோக்கியில் பார்த்தால், இரு முனையும் கூரான ஊசிகள் கட்டுக்கட்டாகத் தெரியும். தோலைக் குத்துவது அவைதான். தண்ணீரில் கரையாததால், விழுங்கினாலும் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும்.

கவனிக்க வேண்டியது கரையும் ஆக்சலேட். பாலக்கீரை, பீட்ரூட், அப்புறம் நம் டீயிலும் உண்டு. அது ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. டீயில் பால் ஊற்றினால், பாலின் கால்சியம் அதில் கொஞ்சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்தாதீர்கள். மலைக்குளிரில் தாகமே தெரியாது, எனக்கு அதுதான் கவலை. சிறுநீர் வெளிறிப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள்.