கப்பல் நிற்கும் நேரத்தில் மதில் நகரம்

கேள்வி: மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்தில், குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கில் காலை 8 முதல் மாலை 4 வரை நிற்கிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி. பழைய நகரத்தைச் சுற்றியுள்ள மதிலில் நடக்கலாமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் நடக்கலாம், மாமியார் வேண்டாம். மதிலின் சுற்றளவு 1,940 மீட்டர், படிகள் ஆயிரத்துக்கு மேல். ஒருவழிப்பாதை என்பதால் வலி வந்தால் திரும்பி வர விடமாட்டார்கள். நடுவே இறங்கும் வழிகளும் குறைவு. அவருக்கு, மதிலுக்குள் இருக்கும் முக்கிய வீதியான ஸ்ட்ராடூன் போதும். சுமார் 300 மீட்டர், சமதளம்தான். ஆனால் பல நூற்றாண்டு கால்கள் தேய்த்த சுண்ணாம்புக்கல், ஈரமானால் எண்ணெய் கொட்டியதுபோல் வழுக்கும். ரப்பர் அடிக்காலணி அவசியம்.

பெரும்பாலோர் மேற்கே பிலே வாசலில் மதில்மேல் ஏறுவார்கள். அங்கிருந்து கடலோரப் பகுதி முதலில், உயரமான மின்செட்டா கோபுரம் கடைசியில். களைத்த காலோடு செங்குத்து ஏற்றம்! கிழக்கே புளோச்சே வாசலில் ஏறினால் அந்த ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மேலே நிழல் கிடையாது. நம்மூர் வெயிலுக்குப் பழகியவர்களும் தொப்பியோடு போகலாம். பிலே வாசலுக்கு உள்ளே இருக்கும் ஓனோஃப்ரியோ நீரூற்றில் குடிநீர் பிடிக்கலாம்.

கப்பல்கள் நிற்கும் க்ரூஷ் துறைமுகத்திலிருந்து பழைய நகரம் சுமார் 3 கிலோமீட்டர். போகும்போது பேருந்து போதும். திரும்பும்போது பிலேயில் நெரிசல் அதிகம், 2 மணிக்கே கிளம்புங்கள். சில கப்பல்கள் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரமிட்டுப் படகில் இறக்கும், முன்கூட்டியே விசாரியுங்கள். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கே வையுங்கள்.

மாமியார் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி என்றால் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) வேண்டும்.