ஷாப்ட் கழன்று விழுந்த பிக்கப்: கிராஸ் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னிடம் 2009 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சரக்கு ஓட்டுகிறேன். இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இரண்டு மாதமாகவே கிளட்ச்சை விட்டதும் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். போன வாரம் பாச்சலூரில் லோடு ஏற்றிக்கொண்டு மலை இறங்கி முடித்து, சமதளத்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் பெரிய சத்தத்தோடு, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு முறுக்கைக் கொண்டுபோகும் ஷாப்ட்டின் பின்முனை கழன்று ரோட்டில் இழுபட்டது. பின் அச்சின் ஹவுசிங் பக்கத்தில் ஷாப்ட்டை இணைக்கும் கிராஸ் உடைந்திருக்கிறது. ஒரு மெக்கானிக் கிராஸ் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் முழு ஷாப்ட் செட்டையும் மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர் வளைந்த குழாயை வெல்டிங்கில் நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்றாமவரை விட்டுவிடுங்கள். முதல் இருவரில் யார் சொல்வது சரி என்று உங்கள் வண்டியில் கிடக்கும் இரும்புதான் சொல்ல வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒரு விஷயம்.

இது மலை இறங்கி முடித்த பிறகு நடந்தது பெரிய அதிர்ஷ்டம். ஷாப்ட் கழன்ற நொடியில் இஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டாவது கியரில் இஞ்சின் பிடித்து வைத்திருந்த வண்டி சட்டென்று நியூட்ரலில் விட்ட மாதிரி ஓடும். மிச்சம் இருப்பது கால் பிரேக் மட்டும்தான். சத்தம் கேட்ட பயத்தில் பலர் உடனே சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிடுவார்கள். அது தப்பு. பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் இஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும். அணைத்த பிறகு நாலைந்து மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும். வண்டி முழுதாக நின்ற பிறகு அணையுங்கள். கியரில் போட்டு நிறுத்துவதும் இந்த நிலையில் வீண். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இருந்தால் பிடிக்கும். சில வண்டிகளில் அது கியர் பாக்ஸின் பின்னால் தனி டிரம்மாக இருக்கும், அங்கே அதுவும் பிடிக்காது. சக்கரத்துக்குக் கல் வைப்பதுதான் ஒரே வழி.

சரி, அந்த ‘டக்’ சத்தம். கிராஸ் என்பது கூட்டல் குறி மாதிரி நாலு கை உள்ள ஒரு துண்டு. ஒவ்வொரு கையின் மேலும் ஒரு கப், கப்புக்குள் வரிசையாக ஊசி பேரிங். சக்கர பேரிங் முழு வட்டம் சுற்றும். இந்த ஊசிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஷாப்ட்டின் சாய்வுக்கு ஏற்ப முன்னும் பின்னும் சில டிகிரி ஆடுவதோடு சரி. அதனால் எப்போதும் ஒரே இடத்தைத்தான் அழுத்துகின்றன. கிரீஸ் வற்றினால் அந்த இடத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழும். பழைய கிராஸின் கையைத் துடைத்து நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். அப்புறம் தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும். கப்பின் வாயில் காவி நிறத்தில் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் செத்து வெகுநாள் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

சுமையையும் பாருங்கள். இஞ்சின் 180 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது, முதல் கியர் அதை நாலு மடங்காக்குகிறது என்று வையுங்கள். கிளட்ச்சை விடும்போது ஷாப்ட்டுக்கு வருவது 720 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கு முழுக்க இந்தச் சின்ன ஊசிகள் வழியாகத்தான் போகிறது. தேய்ந்த இடத்தில் ஆட்டம் இருப்பதால் ‘டக்’. சில வண்டிகளில் இதற்கும் முன்னால் மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல ‘கீச் கீச்’ வரும், வேகத்துக்குத் தக்கபடி கூடும். அப்போதே கிராஸை மாற்றியிருந்தால் சின்னச் செலவோடு போயிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. லோடு காத்திருக்கும்போது யாரும் சத்தத்துக்காக வண்டியை நிறுத்துவதில்லை.

இனி ஷாப்ட்டை முழுதாகக் கழற்றுங்கள். கழற்றும் முன் பெயின்ட்டால் அடையாளம் வையுங்கள்: கியர் பாக்ஸ் ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தகடு), ஷாப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை ஒட்டிய ஸ்ப்ளைன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வெட்டிய பகுதி), ஹவுசிங் ஃபிளேஞ்ச் ஆகிய மூன்று இடத்திலும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கியர் பாக்ஸ் பக்கம் ஃபிளேஞ்ச் போல்ட் இல்லாமல் ஷாப்ட் நேராக உள்ளே நுழையும் வண்டியாக இருந்தால், உருவியதும் ஆயில் கொட்டும். துணியோ மூடியோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கிராஸ் உட்காரும், கவட்டை மாதிரி இருக்கும் யோக்கின் காதுகளை. கப் அந்த ஓட்டையில் பிரஸ் போட்டோ தட்டியோ இறங்க வேண்டும். விரலால் தள்ளினாலே போய் உட்கார்ந்தால் ஓட்டை தேய்ந்துவிட்டது. கிராஸ் உடைந்த பிறகு ரோட்டில் அடிவாங்கியதில் உங்கள் யோக்கின் காது விரிந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். நம் பட்டறைகளில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ஓட்டையைச் சுற்றி சென்டர் பஞ்ச்சால் புள்ளி புள்ளியாக அடித்து டைட் பண்ணுவார்கள். வீடு வந்து சேர அது உதவலாம், லோடு ஓட்ட உதவாது. புள்ளியின் முனைகள் நசுங்கியதும் கப் மறுபடி ஆட ஆரம்பிக்கும். யோக் போனால் யோக்கை மாற்றுங்கள். கிராஸைக் காதோடு சேர்த்து வெல்டிங் வைத்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். ஜாயின்ட்டை ஜாயின்ட்டாக இல்லாமல் ஆக்கிய அந்தப் புண்ணியவானை நான் பார்த்ததில்லை.

அடுத்தது குழாய். ரோட்டில் இழுபட்டதில் சிராய்ப்பு இருப்பது பரவாயில்லை. நசுங்கல், வெடிப்பு, வளைவு இருந்தால் கதை வேறு. லேத்தில் மாட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். நடுவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நான் அந்தக் குழாயை நம்ப மாட்டேன். இது வெறும் பிடிவாதம் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் பிக்கப்பின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 450 தடவை சுற்றுகிறது. ஹவுசிங் விகிதம் நாலு சொச்சம், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாப்ட் நாலு சொச்சம் சுற்று என்றால், ஷாப்ட் 1,900 தடவைக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் ஓரத்தில் இருக்கும் சில கிராம் எடை கூட அடித்தளத்தையே அதிர வைக்கும். அதனால்தான் கம்பெனியில் சின்னத் தகடுகளை ஒட்டி பேலன்ஸ் செய்து அனுப்புகிறார்கள். உங்கள் குழாயில் அந்தத் தகடு விழுந்துபோன தடம், சதுரமாகச் சுத்தமான ஒரு இடம், தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது வெல்டிங். குழாய் மெல்லிய சுவர் உள்ளது. சூடுபட்டதும் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்கு நேராகத் தெரிவது கேஜில் இரண்டு மில்லிமீட்டர் காட்டும். புதுக் குழாய் வெட்டி, லேத்தில் மையம் பார்த்து, பற்ற வைத்து, மெஷினில் பேலன்ஸும் செய்து தருகிற ஷாப்ட் பட்டறைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. அவர்களிடம் போவது நல்ல வேலை. ரோட்டோரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து வைக்கும் வெல்டிங் வேறு. அதில் இன்னொரு கேடும் உண்டு. எர்த் கிளிப்பை வேறெங்கோ மாட்டிவிட்டால் கரன்ட் பேரிங்குகள் வழியாகப் போகும், நல்ல பேரிங்கிலும் பொட்டு விழும்.

மூன்றாவது சென்டர் பேரிங். பின்முனை விழுந்தபோது ஷாப்ட்டின் எடை அதன் ரப்பரை இழுத்திருக்கும். ரப்பரில் கீறல் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இல்லாவிட்டால் லோடோடு கிளம்பும்போதெல்லாம் உடம்பு குலுங்கும். ஸ்ப்ளைனைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், கையிலேயே ஆட்டம் தெரிந்தால் அதுவும் போயிற்று.

ஆக, காது சரி, குழாய் சரி, ஸ்ப்ளைன் சரி என்றால் முதல் மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஆனால் ஒரு கிராஸ் மட்டும் போடாதீர்கள். மற்ற கிராஸ்களும் அதே இரண்டரை லட்சம் ஓடியவைதான், எல்லாவற்றையும் மாற்றுங்கள். மூன்றில் ஒன்று போயிருந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். இரண்டு போயிருந்தால் இரண்டாமவர் பேச்சைக் கேளுங்கள். புதுசு கட்டுப்படியாகாவிட்டால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய செட் கிடைக்கும். வீல்பேஸ் மாறினால் ஷாப்ட் நீளமும் மாறும், அதனால் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஃபிளேஞ்சுக்கு ஃபிளேஞ்ச் டேப் வைத்து அளந்து, போல்ட் ஓட்டைகளும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடையாளம் வைக்கச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். சாய்வாக இருக்கும் கிராஸ் ஜாயின்ட் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடி இரண்டு தடவை குறையும். பத்து டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் ஒன்றரை சதவீதம். மறுமுனையில் உள்ள யோக் இதற்கு நேராக நின்றால், அது இந்த ஏற்ற இறக்கத்தைத் திருப்பி அடித்துச் சமன் செய்துவிடும். ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளிப் போட்டாலும் அந்தச் சமன் கெட்டுவிடும். வேலை கற்றுக்கொண்ட காலத்தில் நானே அப்படி ஒரு வண்டியைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டினால் அதிர்கிறது என்று ஓனர் திரும்பி வந்தார். வீல் பேலன்சிங் இரண்டு தடவை செய்தோம், டயரை மாற்றிப் போட்டோம். மூன்றாம் நாள் சும்மா அடியில் படுத்திருந்தபோதுதான் இரண்டு யோக்கும் கோணலாக நிற்பது கண்ணில் பட்டது. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, கூலி மட்டும் வாங்கவில்லை.

புது கிராஸ் மாட்டும்போது கப்பைக் கவிழ்க்காமல் கவனமாக இறக்கச் சொல்லுங்கள். ஒரு ஊசி சரிந்து அடியில் விழுந்தாலும் கப் முழுதாக இறங்காது, கப்பைப் பிடித்து வைக்கும் சர்க்லிப் பள்ளத்தில் உட்காராது. அதைச் சுத்தியலால் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. மாட்டி முடித்ததும் நாலு பக்கமும் கையால் அசைய வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள், கிரீஸ் கன் எட்டும் பக்கம் இருக்கட்டும். நாலு கப்பின் வாயிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை ஹார்டுவேர் கடையில் கிடைப்பதைக் கொண்டு மாட்டாதீர்கள். பழைய போல்ட்டின் தலையில் அதன் வலிமையைக் காட்டும் எண் 10.9 என்று இருந்தால் புதியதிலும் 10.9 இருக்க வேண்டும். லாக் நட் எப்போதும் புதுசு.

இவ்வளவும் செய்து, கிராஸ் ஏன் செத்தது என்று பார்க்காவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி எழுதுவீர்கள். என் சந்தேகம் பின் ஸ்பிரிங்கில். காய்கறி ஓட்டுகிற பிக்கப்பில் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை போடாதவர் அபூர்வம். பட்டை ஏறினால் வண்டியின் பின்பக்கம் உயரும், ஷாப்ட்டின் சாய்வு கூடும், ஊசிகள் சுமக்கும் பாரமும் கூடும். லோடு இல்லாமல் திரும்பும்போதுதான் சாய்வு மிக அதிகம். ‘காலி வண்டிதானே’ என்று நாம் விரட்டுவதும் அப்போதுதான். ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் உடைந்து ஹவுசிங் நகர்ந்திருக்கிறதா, கியர் பாக்ஸ் மவுன்ட் ரப்பர் உட்கார்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

கழன்ற ஷாப்ட் சும்மா கிடந்திருக்காது, சுற்றிச் சுற்றி அடித்திருக்கும். பின்பக்கம் போகும் பிரேக் பைப், டீசல் லைன், ஒயரிங் மூன்றையும் டார்ச் அடித்து முழு நீளத்துக்கும் பாருங்கள். நசுங்கிய பிரேக் பைப்பைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஹவுசிங் ஃபிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அசைந்தால் ஹவுசிங்குக்குள் இருக்கும் பினியன் பேரிங் போயிருக்கிறது, அதை விட்டுவிட்டு புது ஷாப்ட் மாட்டுவது காசைக் கரியாக்கும் வேலை. கியர் பாக்ஸ் வாலில் வெடிப்போ ஆயில் கசிவோ இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியதே.

எல்லாம் முடிந்ததும் லோடு இல்லாமல் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டுங்கள். அறுபதில் நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்கள், சமதளத்தில் மட்டும். அதிர்வு அப்போதும் தொடர்ந்தால் இஞ்சின் காரணமில்லை. ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், சீட்டும் தரையும் ஆடினால் பெரும்பாலும் ஷாப்ட். 500 கிலோமீட்டரில் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். கிரீஸ் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் வெள்ளத்தில் இறங்கிய நாளில் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே.

பாச்சலூர் ரோட்டில் மறுபடி ஏறுவதற்கு முன் ஷாப்ட்டுக்கு அடியில் ஒரு இரும்பு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டுகிற சாதாரணப் பட்டை இரும்புதான். முன்பக்க ஜாயின்டுக்குக் கொஞ்சம் பின்னால் ஒன்று கட்டாயம் வேண்டும். உங்களுக்குப் பின்முனை விழுந்ததால் இழுபட்டதோடு போயிற்று. முன்முனை விழுந்து ரோட்டுப் பள்ளத்தில் குத்தினால் ஷாப்ட் கம்பு ஊன்றித் தாண்டுவது போல வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும்.