கராஜில் பிடித்த பழுப்புச் சிலந்தி: ஆப் சொல்கிற பெயரை நம்பலாமா?

கேள்வி: டெக்ஸாஸில் ஹூஸ்டன் புறநகரில் இருக்கிறோம். போன வாரம் கராஜில் ஓடிய ஒரு பழுப்புச் சிலந்தியை என் மகன் பாட்டிலில் பிடித்துவிட்டான். ஒரு ஆப் பிரவுன் ரெக்லூஸ் (கடித்தால் தோலில் புண் வரவைக்கும் விஷச் சிலந்தி) என்கிறது, இன்னொன்று ஓநாய்ச் சிலந்தி என்கிறது. ரெக்லூஸ் என்றால் முதுகில் வயலின் வடிவத் திட்டு இருக்கும், அது தெரிகிறதா பாருங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் எப்படித்தான் பெயர் வைக்கிறார்கள்? மகன் இதைப் பள்ளி புராஜெக்டுக்கு வைத்துக்கொள்ளக் கேட்கிறான். மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். படத்தில் இருப்பது ரெக்லூஸ் இல்லை, ஓநாய்ச் சிலந்தியும் இல்லை. இரண்டு ஆப்பும் நிறத்தைப் பார்த்து ஏமாந்திருக்கின்றன. அதில் தப்பில்லை, மனிதர்களும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் இருந்த சிலந்தி ஆய்வாளர் ரிக் வெட்டர், "ரெக்லூஸ் என்று நினைக்கிற சிலந்தியை எனக்கு அனுப்புங்கள்" என்று நாடு முழுக்கக் கேட்டுப் பார்த்தார். 49 மாநிலங்களிலிருந்து 1,773 வந்து சேர்ந்தன. ரெக்லூஸ் இயல்பாக வாழும் பகுதிக்கு வெளியிலிருந்து வந்தவற்றில் அநேகமாக எல்லாமே வேறு ஏதோ. பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

வயலினை விட்டுவிடுங்கள். பழுப்புச் சிலந்திகள் பலவற்றின் முதுகில் ஏதோ ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். வயலின் வேண்டும் என்று தேடுகிறவருக்கு அது வயலினாகவே தெரியும். கண்களை எண்ணுங்கள். பாட்டிலைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் சிலந்தி மந்தமாகிவிடும். அப்புறம் போனில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸால் நேர் முகத்தில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம். ரெக்லூஸுக்கு ஆறே கண்கள்தான். முன்னால் ஒரு ஜோடி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜோடி. ஜோடிகளுக்கு நடுவே தெளிவான இடைவெளி. வயிற்றில் கோடோ புள்ளியோ இருக்காது, காலில் முள் இருக்காது. வயிற்றில் வரிகள் இருந்தால் அத்தோடு ரெக்லூஸ் சந்தேகத்தை மூட்டை கட்டிவிடலாம். ஓநாய்ச் சிலந்திக்கு எட்டுக் கண்கள், மூன்று வரிசையில்: கீழே சின்னதாக நான்கு, அதற்கு மேல் பெரிதாக இரண்டு, இன்னும் பின்னால் இரண்டு. இரவில் டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துப் புல்வெளியைப் பாருங்கள், பனித்துளி மாதிரி பச்சையாக மின்னும்.

உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுக் கண்களும் ஒரே மேட்டில் கொத்தாக, ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி இருக்கின்றன. வாய்க்குப் பக்கத்திலிருந்து இரண்டு நீளக் குச்சிகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவசரமாக எண்ணினால் பத்துக் கால் என்று சொல்லிவிடுவீர்கள். அவை கால் இல்லை. பால்ப் என்கிற உறுப்பு, ஆண் சிலந்தி விந்தை ஏந்திச் செல்வது அதில்தான். இத்தனை நீள பால்ப்பும் ஒரே கொத்துக் கண்ணும் சேர்ந்தால் உங்கள் பகுதியில் விடை ஒன்றுதான்: ஃபிலிஸ்டாட்டிடே குடும்பம், குக்குல்கானியா பேரினம், அதில் ஒரு ஆண். அங்கே எல்லோரும் சதர்ன் ஹவுஸ் ஸ்பைடர் என்பார்கள். மாயன் தெய்வமான குக்குல்கானின் பெயரைத்தான் பேரினத்துக்கு வைத்திருக்கிறார்கள். மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் நீங்கள் இருப்பதால் சிற்றினம் ஹைபர்னாலிஸ் என்று தைரியமாகச் சொல்கிறேன். மேற்கே பாலைவனப் பக்கத்திலிருந்து இதே படம் வந்திருந்தால் பேரினத்தோடு நிறுத்தியிருப்பேன், ஏனென்றால் அங்கே இதன் பங்காளிகள் இருக்கின்றன.

ஆராய்ச்சியாளர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்றீர்களே, அதுவும் இதுதான்: படிப்படியாக ஏறி, ஆதாரம் எந்தப் படியில் தீர்கிறதோ அங்கே நின்றுவிடுவது. மெக்ஸிகோவுக்கு வடக்கே ஏறக்குறைய 4,000 சிற்றினங்கள் உண்டு. கண் வரிசை, நூல் நூற்கும் உறுப்பு, பாதத்தில் நகம் இரண்டா மூன்றா, இவற்றை வைத்துக் குடும்பம் வரை போய்விடலாம். சிற்றினத்துக்கு அநேகமாக எப்போதும் இனப்பெருக்க உறுப்புதான் சாட்சி. ஆணுக்கு பால்ப்பின் நுனி, பெண்ணுக்கு வயிற்றின் அடியில் இருக்கும் எபிஜைன் என்ற சின்னத் தகடு. வெளியே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஓநாய்ச் சிலந்திகளுக்கு இந்தத் தகடு மட்டும் வேறு வேறு வடிவில் இருக்கும். அந்தத் தகட்டைப் பிரித்தெடுத்து, உள்ளே இருக்கும் குழாய்கள் தெரிவதற்காகக் கிராம்பு எண்ணெயில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பழைய வழக்கம். முதல் நாள் எனக்கு ஆய்வகம் முழுக்கப் பல்வலி மருந்து வாசனைதான் அடித்தது. வளராத குட்டிக்கு இந்த உறுப்பே முழுமையாக இருக்காது. அதனால் குட்டிச் சிலந்தியின் போட்டோவைப் பார்த்து ஒருவர் சிற்றினப் பெயரை அடித்துச் சொன்னால், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

பெயரின் கதை இன்னும் வேடிக்கை. விலங்குகளுக்கான அறிவியல் பெயர்கள் லின்னேயஸ் என்ற இயற்கை அறிஞர் எழுதிய 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் 1758 பதிப்பிலிருந்துதான் கணக்கு. சிலந்திக்கு மட்டும் விதிவிலக்கு: ஸ்வீடன்காரர் கார்ல் கிளெர்க் 1757இல் வெளியிட்ட நூலின் பெயர்களும் செல்லும். அமெரிக்காவில் ஜான் ஆபட் என்பவர் ஜார்ஜியாவில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான சிலந்திகளை வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டு, பாரிஸில் இருந்த வால்கனேர் பெயர் வைத்து 1837லும் 1841லும் அச்சிட்டார். சிலந்தியே கையில் இல்லாமல் வைத்த பெயர்! அது எந்தச் சிலந்தி என்று பின்னால் வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். உங்கள் பாட்டிலில் இருப்பதற்கு 1842இல் பெயர் வைத்தவர் நிக்கோலஸ் ஹென்ட்ஸ். பிரான்ஸிலிருந்து வந்தவர், அலபாமாவில் பள்ளி நடத்தினார், ஓவியமும் தெரியும். அமெரிக்கச் சிலந்தி ஆய்வு முறையாகத் தொடங்குவது அவரிடமிருந்துதான். அவர் இதை ஃபிலிஸ்டாட்டா என்ற பேரினத்தில் வைத்தார், 1967இல் அதைக் குக்குல்கானியாவுக்கு மாற்றினார்கள். இப்படிப் பெயர் மாறுவது வழக்கம்தான். பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் இணையத்தில் வேறு பெயரும் கண்டால் குழம்ப வேண்டாம், உலகச் சிலந்திப் பட்டியலில் தேடினால் இன்றைய பெயர் கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துவது அது. 2022இல் அதில் சிற்றினங்களின் எண்ணிக்கை 50,000ஐத் தொட்டது.

சரி, நிஜ ரெக்லூஸ் வந்தால்? டெக்ஸாஸில் அது உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அலமாரிக்குப் பின்னால், அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். பல நாள் தொடாத ஷூவையும் தோட்டக் கையுறையையும் உதறிவிட்டுப் போடுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். ஆனால் கன்சாஸில் ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ் பிடித்தார்கள். அதில் குடியிருந்த நால்வரில் ஒருவருக்கும் கடி இல்லை. தோலில் புண் வந்து, கடித்த சிலந்தியை யாரும் பார்க்கவில்லை என்றால், சிலந்திக்கடி என்று நீங்களாக முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ பாக்டீரியாத் தொற்றின் பழி இப்படித்தான் சிலந்தியின் தலையில் விழுகிறது. நிஜமாகவே கடித்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் வைத்து, நசுங்கியிருந்தாலும் சிலந்தியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மகன் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். செத்த பிறகு 70 சதவீத ரப்பிங் ஆல்கஹாலில் போடலாம். பாட்டிலுக்குள்ளேயே ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, ஊர், கவுண்டி, பிடித்த இடம், பிடித்தவர் பெயர் எழுதிப் போட வேண்டும். பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். லேபிள் இல்லாத சிலந்தியை எந்த அருங்காட்சியகமும் சீந்தாது. வீட்டுச் சுவரில் குதித்துக் குதித்து ஈ பிடிக்கும் ஒன்று கிடைத்தால் அதையும் படம் எடுக்கட்டும். பிளெக்ஸிப்பஸ் பேகுல்லியாக இருக்கலாம்; ஊரில் பாட்டி வீட்டுச் சுவரில் இருக்கும் அதே சிலந்திதான், கப்பல் சரக்கோடு உலகம் சுற்றி அங்கேயும் குடியேறிவிட்டது.

இன்னொன்று. கோடையில் ஆண் இப்படி ஊர் சுற்றுவது பெண்ணைத் தேடித்தான், எனவே பெண் பக்கத்தில் எங்கேயாவது இருக்கும். கராஜ் பக்கச் செங்கல் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சந்துகளைப் பாருங்கள், சுற்றிலும் தூசி படிந்த கம்பளி மாதிரி வலை இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு புல்லால் அந்த வலையை லேசாகத் தட்டச் சொல்லுங்கள். கறுப்பு வெல்வெட் மாதிரி ஒன்று வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கும்.