பெண்ணின் நிறம் பிடிக்கவில்லை என்றால் அது ரசனையா, இனவாதமா?

கேள்வியின் சுருக்கம்: ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். வீட்டில் பார்த்த பெண்ணைப் படத்தில் பிடித்தது, நேரில் பார்த்தால் "நிறம் குறைவு", மனம் ஒட்டவில்லை. தங்கை இதை இனவாதம் என்கிறாள். அம்மாவோ மூன்று மாசம் கிரீம் போட்டால் வெளுத்துவிடும் என்கிறார். ஈர்ப்பு நம் கையில் இருக்கிற விஷயமா?

முதலில் அந்தப் படத்தைப் பார்ப்போம். பல கைப்பேசிகளில் அழகூட்டும் வசதி நாம் போடாமலே ஓடிக்கொண்டிருக்கும். தோலை வழவழப்பாக்கும், கூடவே வெளுக்கவும் வைக்கும். அதற்கு மேல் தோலைவிட ஒரு படி வெளுத்த ஃபவுண்டேஷன், அதற்கும் மேல் ஸ்டூடியோக்காரர் கைவண்ணம். உங்களுக்குப் பிடித்தது இந்த மூன்றும் சேர்ந்து செய்த முகம். நேரில் பார்த்த முகத்துக்கும் நியாயம் நடந்திருக்காது. குழல் விளக்கு எரியும் கூடம், பின்னால் வெள்ளைச் சுவர், சுற்றிலும் பத்து பேர். கண்ணும் கேமரா மாதிரிதான்: பின்னணி பளீரென்று இருந்தால் முகம் இருண்டுதான் தெரியும். சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குக் கடைத்தெரு அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை), நிழலில், முகம் தெருவைப் பார்க்க நிற்கும்போது பாருங்கள். படம் எடுத்தால் அழகூட்டியைப் பூஜ்யத்தில் வைத்து, திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு எடுங்கள். மாநிறம் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

"நிறம் குறைவு" என்கிறோமே, குறைவது எது? தோலில் மெலனின் என்ற நிறமி கூடக் கூடத்தான் கறுப்பு. கணக்குப்படி அவருக்கு நிறம் அதிகம். பேச்சு தலைகீழாக நிற்பதற்குக் காரணம் உண்டு. சங்கப் பாட்டில் தலைவியின் அழகு மாமை. மாந்தளிர் போன்ற மேனி என்று அதற்கு உரை சொல்வார்கள். பிரிவுத் துயரில் அவள் வெளிறிப்போவது பசலை. அந்தப் பசலை அழகைத் தின்கிறது என்றுதான் புலம்பல். அங்கே வெளுப்பு ஒரு நோய்.

பிறகு எப்படி மாறியது என்பதற்குக் காரணங்கள் பல. அந்தக் கால ரப்பர் தோட்டத்தில் மட்டும் பார்த்தாலே ஒன்று பளிச்சென்று தெரியும். மேலே வெள்ளைக்காரத் துரை. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, பெரும்பாலும் மலையாளியோ யாழ்ப்பாணத்தாரோ. அதற்குக் கீழே ஆட்களை மேய்க்கும் கங்காணி, மண்டோர். விடிகாலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்று பேர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் கடைசி. வெயில் படாத தோல் என்றால் மாதச் சம்பளம், நிழலில் நாற்காலி. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பல இடங்களில் போய்விட்டன, பால்மரம் என்ற ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. பெண் பார்க்கும் பேச்சில் மட்டும் அந்தப் படிக்கட்டு அப்படியே நிற்கிறது.

அதை நாடே பார்க்கும் திரையிலும் காட்டுவார்கள். 2017 நோன்புப் பெருநாளுக்கு, மருந்தும் அழகுப் பொருளும் விற்கும் கடைத்தொடரான வாட்சன்ஸ் மலேசியா வெளியிட்ட விளம்பரத்தில், குரல் இனிமையான பெண்ணின் முகம் கறுப்பு என்று தெரிந்ததும் வணிகர் அதிர்ந்துபோவார். அவள் முகம் கழுவி வெளுத்து வந்ததும் அழகியாகிவிடுவாள். கண்டனம் எழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஆனாலும் கடைத்தெருவின் அழகுப் பொருள் பதாகைகளை எண்ணிப் பாருங்கள், உங்கள் அக்காள் தங்கை நிறத்தில் எத்தனை முகம் இருக்கிறது என்று. 1968இல் ராபர்ட் ஸஜோங்க் என்ற உளவியலாளர் ஆராய்ந்து காட்டியது இது: ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது. முகப் படங்களுக்கும் அப்படித்தான்.

ஆக, ரசனை உங்களுடையதுதான், ஆனால் நீங்கள் மட்டும் செய்ததல்ல. தங்கை சொல்வது பாதி சரி. ஒரே இனத்துக்குள் நடப்பதை நிறப் பாகுபாடு என்பது பொருத்தம். வேர் இரண்டுக்கும் ஒன்றுதான். வாயால் சொல்வதும் மனம் செய்வதும் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓகேகியூபிட் என்ற அமெரிக்க ஜோடி தேடும் தளம் 2014இல் தன் தரவுகளை வெளியிட்டது. இனம் முக்கியமில்லை என்று சொன்னவர்கள் ஆண்டுக்காண்டு கூடினார்கள். முகத்துக்கு மதிப்பெண் போடும்போது கறுப்பினப் பெண்களுக்கு மற்ற இன ஆண்கள் குறைத்துப் போட்டது மட்டும் மாறவில்லை.

கையில் இருக்கிறதா என்றால், முதல் நொடி இல்லை, அடுத்தது இருக்கிறது. கடைசியாக வேண்டாம் என்ற பத்து வரன்களை எடுத்து, கைப்பேசியில் எந்த இடத்தில் விரல் அடுத்த வரனுக்கு நகர்ந்தது என்று எழுதுங்கள். வேலை, படிப்பு, பேச்சு எதையும் படிக்குமுன்பே நகர்ந்திருந்தால் அங்கே ஈர்ப்புக்கு வேலையே வரவில்லை, வடிகட்டிதான் வேலை செய்திருக்கிறது. இனி விவரத்தை முதலில் படித்து, போனில் ஒரு முறை பேசிவிட்டுப் படத்தைத் திறங்கள். இந்தப் பெண்ணையே இன்னும் மூன்று முறை, வேறு வேறு இடங்களில், அரை மணிக்குக் குறையாமல் சந்தியுங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, தியாகம் செய்கிற நினைப்போடு போவது. அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். இன்னொன்று "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கீங்க" என்று பாராட்டுவது. அந்த "இருந்தாலும்" காலம் முழுக்க மறக்காது.

கிரீம் விஷயத்தில் பேச்சே வேண்டாம். சில வாரத்தில் வெளுக்கிறது என்றால் பாதரசமோ ஹைட்ரோகுயினோனோ ஸ்டீராய்டோ இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹைட்ரோகுயினோனை நீண்ட நாள் போட்டால் நீலம் பாய்ந்த கருந்திட்டு விழலாம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் லேபிள் இல்லாத டப்பாவைத் தொடவே கூடாது. மலேசியாவில் விற்கும் அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கி கே-யில் முடியும் அறிவிப்பு எண் உண்டு. அதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்த எண் கம்பெனி தானே பதிந்துகொள்வது, சோதித்துக் கொடுத்த சான்றிதழ் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்று சந்திப்புக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் இழுக்காமல் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஜாதகத்தின் மேல் பழி போட வேண்டாம், "எங்களுக்குள் அமையவில்லை" போதும். தரகரிடம் மட்டும் நிறத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுக்கு அவர் முதலில் கொண்டுபோவது அதைத்தான்.