நர்ஸ் வேலை ஒப்பந்தம்: எது செல்லும், எது செல்லாது?

கேள்வி: வேலையை விட்ட பின் இரண்டு ஆண்டுகள், 10 கி.மீ. சுற்றளவில் வேறு மருத்துவமனையில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். செல்லுமா?

பதில்: செல்லாது. ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. வியாபாரத்தின் நற்பெயரை விற்பவருக்குத்தான் அதில் விலக்கு. நீங்கள் எதையும் விற்கவில்லை. சுற்றளவை 2 கி.மீ. ஆகக் குறைத்தாலும் பயனில்லை. ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் தடை வேறு. 1967இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இப்படிப்பட்ட ஷரத்துகள் பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. ஒரு நர்ஸ் கொண்டுவந்த ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில், "நிறுவனத்தின் மென்பொருள் நிரல்களை வெளியிடக் கூடாது" என்றிருந்தது. அவர் வேலை பார்த்தது பிரசவ வார்டில்.

கேள்வி: பாண்டை (இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்ததை) முடிக்காமல் போனால் ஒரிஜினல் சான்றிதழ்களைத் தரமாட்டார்களாம்.

பதில்: சான்றிதழ் உங்கள் சொத்து. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ். இனி எங்கும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்தும் போடாதீர்கள்.

கேள்வி: நான் மருத்துவமனை நிர்வாகி. ஆறு மாதம் ஐசியூ பயிற்சி கொடுத்து ஆளாக்குகிறோம், ஏழாம் மாதம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுகிறார். எங்களுக்குச் சட்டமே இல்லையா?

பதில்: இருக்கிறது, நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். 'எங்கே போகக் கூடாது' என்று எழுதாமல், 'இத்தனை காலம் இருக்க வேண்டும், இடையில் போனால் இவ்வளவு' என்று எழுதுங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பயிற்சியின் பெயர், நாட்கள், உண்மையான செலவு மூன்றையும் குறிப்பிடுங்கள்; மாதம் ஆக ஆகத் தொகை குறையட்டும். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான்; நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

கேள்வி (அதே நிர்வாகி): வார்டில் சீனியரோடு நின்று கற்றதும் பயிற்சிதானே?

பதில்: அந்த ஆறு மாதமும் அவர் நைட் டூட்டி பார்த்தார், நீங்கள் நோயாளியிடம் நர்சிங் கட்டணம் வாங்கினீர்கள். அதை வேலை என்பார்கள். ரசீது காட்ட முடிந்த செலவை எழுதுங்கள்.

கேள்வி (அவரே): அப்படியானால் நோயாளிகளின் விவரங்களை எடுத்துப் போனால்?

பதில்: அது நல்ல கேள்வி. ரகசியக் காப்பு ஷரத்து வேலை முடிந்த பின்னும் நிற்கும். தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி: வேறு மருத்துவமனையில் சேரக் கூடாது என்ற போட்டித் தடையை 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதினால் செல்லுமா?

பதில்: லட்ச ரூபாய்த் தாளிலும் செல்லாது.

கேள்வி: சவூதியில் இருக்கிறேன், அங்கே எப்படி?

பதில்: அந்நாட்டுச் சட்டம் தனி. அங்கே வழக்காடுபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, ஒரிஜினல் சான்றிதழ்...

பதில்: இரண்டாவது கேள்வியைப் படியுங்கள். காசோலை கொடுத்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.